கோளாறு வண்டியிலா, ஓட்டத்திலா?

நடுத்தர அளவு எஸ்யூவி இன்று நம் நடுத்தரக் குடும்பங்களின் விருப்ப வண்டியாகிவிட்டது. சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2015-இல் சந்தைக்கு வந்த ஹூண்டாய் கிரெட்டா அந்த ஆசையைப் பரவலாக்கியது. கியா செல்டோஸ், டாடா ஹாரியர், மஹிந்திரா எக்ஸ்யூவி 700 என்று வரிசை நீண்டது. இவற்றை வாங்குகிறவர்களில் பலர், ‘மைலேஜ் கிடைக்கும், இழுவை நன்றாக இருக்கும்’ என்று டீசலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாங்கிய பிறகு வண்டி போவதோ பிள்ளைகளின் பள்ளி, காய்கறிக் கடை, நான்கு கிலோமீட்டரில் இருக்கும் அலுவலகம். கொஞ்ச காலத்தில் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது; இன்ஜின் இழுக்க மறுக்கிறது; சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. ‘நமக்கென்று மட்டமான வண்டி வந்து வாய்த்துவிட்டது’ என்று புலம்புகிறார்கள். இந்தத் தொல்லைக்கு வண்டியின் தரத்தைவிட, அது ஓடும் விதமே பெரிய காரணம் என்பதை வாங்குமுன்னே அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 எனப்படும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. டீசல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது வெளியேற்றலாம் என்றிருந்த துகள்களின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. இதை எட்டுவதற்காகப் புகைக்குழாயின் வழியில் டிபிஎஃப் எனப்படும் துகள் வடிகட்டியைப் பொருத்தினார்கள். புகையிலுள்ள கரியை அது பிடித்து வைக்கும். நிறைந்ததும் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். எரிவதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியில் புகை ஏற்கெனவே நல்ல சூட்டில் இருப்பதால் இந்த வேலை எளிதில் முடிந்துவிடும். நகரத்தில் ஊர்ந்து போகும் வண்டியில் அந்தச் சூடு வராது. அப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி கூடுதலாக டீசலைத் தெளித்து வெப்பத்தை உயர்த்தப் பார்க்கும். இது முடியச் சில நேரம் கால் மணி நேரத்துக்கும் மேலாகும். அதற்குள் பள்ளி வாசல் வந்துவிடுகிறது. சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம்.

பாதியில் நின்ற சுத்திகரிப்பு இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. கரி அப்படியே தங்கி, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் நிறைகிறது. பல இன்ஜின்களில், எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: ஆயில் மேல் கோட்டையும் தாண்டியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஆயில் குறையாமல் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். நீர்த்துப்போன ஆயிலால் பேரிங்கும் டர்போவும் தேயும். வண்டியை நிறுத்தும்போது ஐடில் வேகம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்து, ரேடியேட்டர் ஃபேன் பலமாக ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். அந்த நேரத்தில் அணைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுவதே சரி.

விளக்கு எரிந்துவிட்டால் முதல் வேலை, ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படிப்பது. பி2463 என்று வந்தால் வடிகட்டியில் கரி மிகுந்துவிட்டது என்று பொருள். ஆனாலும் உடனே வடிகட்டியை மாற்றச் சம்மதிக்காதீர்கள். கரியின் அளவை, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைப் பெரிதும் நம்பியே கணினி கணிக்கிறது. அதை அளக்கும் சென்சாருக்குப் போகும் சிறு குழாய் விரிசல் விட்டிருந்தாலோ அடைத்திருந்தாலோ கணக்கு தப்பிவிடும். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வில் கோளாறு இருந்தாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும் கரி அளவுக்கு மீறிச் சேரும். மூலத்தைப் பார்க்காமல் விலையுயர்ந்த வடிகட்டியை மாற்றினால் புதியதும் அடைத்துக்கொள்ளும். எந்த ஆயில் ஊற்றுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். கரி எரிந்து போகும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். அதனால்தான் கையேட்டில் சாம்பல் குறைந்த ஆயிலைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

‘பல லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியை நான் எப்படி ஓட்ட வேண்டும் என்று வண்டியா சொல்வது?’ என்று கேட்கலாம். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஷோரூமில் சன்ரூஃபையும் திரையையும் காட்டுகிறவர்கள், ‘மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், எங்கே ஓட்டுவீர்கள்?’ என்று கேட்டாக வேண்டும். கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் அச்சிட்டுவிட்டோம் என்பது போதாது. ஆனாலும் வெப்பமில்லாமல் கரி எரியாது. விற்பனையாளர் சொல்லத் தவறியதால் அந்த விதி மாறிவிடப் போவதில்லை.

‘டீசல் சிக்கனமாயிற்றே’ என்பது இரண்டாவது வாதம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு பெட்ரோலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 12, டீசல் 92 ரூபாய், மைலேஜ் 16. கிலோமீட்டருக்கு மிச்சம் ஏறத்தாழ இரண்டரை ரூபாய்தான். டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தது ஒன்றரை லட்சம் என்றால், அதை மீட்க ஏறத்தாழ 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 20,000 ஓடுகிறவருக்கு மூன்று ஆண்டு. 6,000 ஓடுகிறவருக்குப் பத்து ஆண்டு. மாருதி 2020-இலேயே டீசல் கார்களை நிறுத்திவிட்டு, பின்னர் கிராண்ட் விட்டாராவைப் பெட்ரோலிலும் ஹைபிரிட்டிலும் கொண்டுவந்தது. நகர ஓட்டத்துக்கு அந்த வழியே பொருந்தும்.

‘அந்த வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டால் என்ன?’ என்று சில பட்டறைகள் ஆசை காட்டுகின்றன. பழைய டீசல் வண்டிகள் தொல்லையின்றி ஓடின என்பது உண்மை. அவற்றின் கரியை நம் நுரையீரல் வாங்கிக்கொண்டது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. கழற்றுவது விதிமீறல், வாரண்டியும் போய்விடும். அதைவிட, நம் பிள்ளைகள் நிற்கும் பள்ளி வாசலில்தான் அந்தப் புகை இறங்கும்.

டீசல் எஸ்யூவி மோசமான வண்டி அல்ல. வாரம் தவறாமல் சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறவருக்கு அதுவே நல்ல துணை. ஏற்கெனவே வாங்கிவிட்ட நகரவாசிகள், ஓரிரு வாரத்துக்கு ஒரு முறையாவது தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை போல அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். மாதம் ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இனி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குப் போகுமுன் கடந்த ஓராண்டில் எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலையில் ஓட்டினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்குக் குறைவாக, அதுவும் ஊருக்குள்ளேயே ஓட்டுவதானால் டீசலை விட்டுவிடுங்கள்.