பல்லாரோ சந்தை, பலெர்மோ

10ஆம் நூற்றாண்டில் சிசிலிக்கு வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல் பலெர்மோவின் கடைத்தெருக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த நீண்ட மரபில் வரும் அல்பெர்கெரியா பகுதியின் பல்லாரோ சந்தை இன்று வெறும் சுற்றுலாக் காட்சியாகிவிட்டது என்போர் உண்டு. கொண்டைக்கடலை மாவில் பொரித்த பனெல்லேக்கு வெளியூர்க் கூட்டம் மொய்ப்பது உண்மைதான். ஆனால் ஆவி பறக்கும் அண்டாவைப் பாருங்கள்: வேகவைத்த உருளைக்கிழங்கு, ஆர்டிசோக், பக்கத்துத் தட்டில் தோல் கருகச் சுட்ட முழு வெங்காயம். ஊர் சுற்ற வந்தவருக்கு இவை எதற்கு? அடுப்படி வேலையைக் குறைக்க அக்கம்பக்கத்து வீட்டார் வாங்கிப்போகும் பண்டங்கள் இவை. வங்கதேசத்தவரும் ஆப்பிரிக்கரும் கடை போட்டதால் மரபு கெட்டது என்ற குறையையும் ஏற்க முடியாது. சிசிலிக்காரர் தம்முடையதென்று கொண்டாடும் கப்பொனாத்தா என்னும் காய்கறிக் கூட்டின் கத்தரிக்காயே அரபியரோடு கடல் கடந்து வந்ததுதான். இந்நகரில் குடியேறிய இலங்கைத் தமிழருக்கும் இந்தத் தெருவில் இடமுண்டு.