தாத்தாவின் சைக்கிளை எடைக்குப் போடாதீர்கள்!

உங்கள் வீட்டில் பழைய சைக்கிள் இருக்கிறதா?

கொல்லைப்புறத்தில் இருக்கும். அல்லது மாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்திருப்பீர்கள். டயர் காற்று இல்லாமல் சப்பிப் போயிருக்கும். சீட்டில் கோழி உட்கார்ந்திருக்கும்.

தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்டதும், "இதை எடுத்துக்கொண்டு போகட்டுமே" என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த இரும்புக்குள் உங்கள் குடும்பத்தின் கதை இருக்கிறது. எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய் கிடைக்கும். போன சைக்கிள் திரும்பி வராது.

தாமல் சாலை

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் சாலையில் இருக்கிறது தாமல். பெரிய ஏரி உள்ள ஊர். வராகீசுவரர் கோவிலும், தாமோதரப் பெருமாள் கோவிலும் இங்கே இருக்கின்றன.

இன்று இந்தச் சாலையில் லாரிகளும் கார்களும் பறக்கின்றன. சைக்கிளில் போகிறவர் ஓரமாக ஒதுங்கி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

ஆனால், ஒரு காலத்தில் தாமல், பாலுசெட்டி சத்திரம், ஓச்சேரி ஆகிய ஊர்க்காரர்களுக்கு இது சைக்கிள் சாலை!

பால்காரர் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார். தபால்காரர் காக்கிப் பையுடன் வருவார். உழவர் கேரியரில் நெல் மூட்டையைக் கட்டி, தள்ளிக்கொண்டே நடப்பார். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பட்டு நெய்தவர்கள், நெய்து முடித்த சேலையைத் துணியில் பொதிந்து, கேரியரில் வைத்து நகரத்துக்கு எடுத்துப் போவார்கள். திரும்பும்போது அடுத்த சேலைக்குப் பட்டும் சரிகையும் வரும். மழை வந்தால் தான் நனைந்தாலும், பட்டை நனைய விடமாட்டார்கள்.

வைகாசியில் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாளுக்குக் கருட சேவை. விடியற்காலையில் தரிசனம். அதற்காக இருட்டோடு சைக்கிளை மிதித்தவர்கள் எத்தனையோ பேர்! முன்பாரில் ஒரு பிள்ளை, கேரியரில் மனைவி, அவர் மடியில் கைக்குழந்தை. ஒரு சைக்கிளில் ஒரு குடும்பமே போகும்.

எது நல்ல சைக்கிள்?

பழைய ஆட்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் போதும். சைக்கிள் பேச்சு வந்துவிட்டால் டீ ஆறிப் போகும்.

ஒருவர் ராலே கட்சி. "ராலே போல ஓட்டம் எதற்கு உண்டு?" என்பார். இன்னொருவர் ஹெர்குலிஸ் கட்சி. "பாரம் ஏற்றினால் தெரியும் சேதி" என்பார். மூன்றாமவர் ஹம்பர் வைத்திருந்தவர். அவர் பேசமாட்டார். சிரிப்பார். ஹம்பர் வைத்திருந்தவருக்கு அவ்வளவு பெருமை!

அந்தக் காலத்தில் சைக்கிள் என்பது சாதாரணப் பொருள் அல்ல. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரமும் சைக்கிளும் கேட்பார்கள். புதுச் சைக்கிள் வந்தால் மஞ்சள், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தில் ஏற்றித்தான் முதலில் ஓட்டுவார்கள்.

குரங்கு பெடல்

சொந்தச் சைக்கிள் இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. கடைக்காரர் நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார். தெரியாத ஆளாக இருந்தால் வண்டி கிடைக்காது.

சிறுவர்களுக்குக் கால் எட்டாது. அதனால் என்ன? பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து மிதிப்பார்கள். அதுதான் குரங்கு பெடல்! முழங்காலில் சிராய்ப்பு இல்லாமல் சைக்கிள் கற்றவர் யார்? 2024-ம் ஆண்டு இந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்தது. ராசி அழகப்பன் எழுதிய "சைக்கிள்" என்ற சிறுகதைதான் அந்தப் படத்துக்கு மூலம்.

சைக்கிளுக்கு வரியும் உண்டு. ஆண்டுதோறும் பணம் கட்டினால் ஒரு வில்லை கொடுப்பார்கள். அதைச் சைக்கிளில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாவிட்டால் அபராதம். இரவில் விளக்கு இல்லாவிட்டாலும் அபராதம். இரண்டு பேர் போனாலும் அபராதம். போலீசாரைத் தூரத்தில் கண்டதும், பின்னால் இருப்பவர் குதித்து, ஒன்றும் தெரியாதவர் போல நடப்பார்! பழைய வில்லை உங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் ஊரின் பெயரும் ஆண்டும் இருக்கும்.

எங்கே பிறந்தது?

1817-ம் ஆண்டு, ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அதற்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்திப் போக வேண்டும்.

1885-ல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, "ரோவர்" சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்கள், பின் சக்கரத்துக்குச் செயின். நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் அமைப்பு அதுதான்.

1888-ல் அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் இருந்த மாட்டு வைத்தியர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து மாட்டினார். அதன் பிறகு சைக்கிள் உலகம் முழுவதும் ஓடியது.

நாட்டிங்காம் நகரில் ராலே தெருவில் ஒரு சிறிய பட்டறை இருந்தது. அதைப் பிராங்க் பவுடன் என்பவர் வாங்கிப் பெரிதாக்கினார். தெருவின் பெயரே சைக்கிளுக்கும் பெயர் ஆயிற்று. உலகம் முழுவதும் சைக்கிள் அனுப்பிய அந்த நாட்டிங்காமில், 2002-ல் உற்பத்தி நின்றுவிட்டது.

அம்பத்தூர் சைக்கிள்

வெள்ளைக்காரர் காலத்தில் நமக்குச் சைக்கிள் கப்பலில்தான் வந்தது. சுதந்தரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது.

முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து, 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்கள் உருவாயின. வங்காளத்தில் ஆசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை வந்தது. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ் பிறந்தது. 1956-ல் லூதியானாவில் ஹீரோ பிறந்தது. 1986-ல், உலகிலேயே மிக அதிகமாகச் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று ஹீரோ கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது.

அட்லஸின் கதை வேறு. அதன் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று வேலையை நிறுத்தியது. அன்று என்ன நாள் தெரியுமா? உலகச் சைக்கிள் தினம்!

பெண்கள் ஏறினார்கள்

சைக்கிள் ஆண்களின் வண்டி என்று இருந்த எண்ணத்தை உடைத்தது புதுக்கோட்டை.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்துக் கற்ற பெண்கள், சைக்கிளும் கற்றார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார்.

அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிளை விட, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்களாம். ஏன்? முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்குத் "துவிச்சக்கர வண்டி" என்று பெயர். 1990-க்குப் பின் போர்க்காலத்தில் அங்கே பெட்ரோல் கிடைக்கவில்லை. மின்சாரமும் இல்லை. அப்போது சைக்கிள்தான் கார், சைக்கிள்தான் லாரி. பெடலை மிதித்து, டைனமோவைச் சுழல வைத்து, அந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சைக்கிள் சோறு போட்டது மட்டும் அல்ல, செய்தியும் சொன்னது!

உங்கள் சைக்கிள் எது?

பெயர் அழிந்து போனாலும் பழைய சைக்கிளை அடையாளம் கண்டுபிடிக்கலாம். சில குறிப்புகள்:

ராலே: ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள தகட்டில் நாரையின் தலை இருக்கும். செயின் ஓடும் பல் சக்கரத்திலும் நாரை உருவம் வெட்டியிருப்பார்கள்.

ரட்ஜ்: பல் சக்கரத்தின் நடுவில் மனிதனின் கை இருக்கும்.

ஹம்பர்: முன் போர்க்கில் பக்கத்துக்கு இரண்டாக, மொத்தம் நான்கு குழாய்கள் இருக்கும்.

பி.எஸ்.ஏ.: மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரை. ஆம்! இது முதலில் துப்பாக்கி செய்த கம்பெனி.

சில சைக்கிள்களின் பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் இருக்கும். அதைத் துடைத்துப் பாருங்கள். அதில் எண்கள் பொறித்திருக்கலாம். பெரும்பாலும் அது கியர் செய்யப்பட்ட ஆண்டையும் மாதத்தையும் காட்டும். தாத்தா அந்தச் சைக்கிளை எப்போது வாங்கினார் என்பதற்கு அது ஒரு சாட்சி!

பழைய சைக்கிள் அன்பர்கள்

பழைய சைக்கிளைப் போற்றுவது நம் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் அல்ல.

இங்கிலாந்தில் 1955-லேயே பழைய சைக்கிள்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1967-ல் "வீல்மென்" சங்கம் வந்தது. இத்தாலியில் 1997 முதல் "எரோய்கா" என்ற சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1987-க்கு முந்தைய பாணிச் சைக்கிள்களுக்குத்தான் அதில் இடம்! மண் சாலையில், பழைய காலத்து உடை அணிந்து ஓட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் ஷெல்டன் பிரவுன் என்ற மெக்கானிக் இருந்தார். பழைய இங்கிலீஷ் சைக்கிள்களைப் பழுது பார்க்கும் வித்தையை ஒளிக்காமல் எல்லாருக்கும் எழுதி வைத்தார். அவர் 2008-ல் காலமானார். இன்றும் மெக்கானிக்குகள் அவர் குறிப்புகளைப் பார்த்து வேலை செய்கிறார்கள்.

நம் நாட்டில் புனே நகரில் விக்ரம் பெண்ட்சே என்பவர் பழைய சைக்கிள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2017-ல் அவற்றைக் காட்சியகமாகத் திறந்தார். இரண்டாவது உலகப்போரில் பாரசூட் வீரர்கள் கொண்டு சென்ற மடக்குச் சைக்கிளும் அங்கே இருக்கிறது.

இவர்கள் எல்லாரும் தேடி அலையும் பொருள்தான், நம் மாட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

என்ன செய்யலாம்?

பழைய சைக்கிளை ஓட வைப்பது பெரிய வேலை அல்ல.

முதலில், பெயிண்டு அடிக்காதீர்கள். பழைய வண்ணமும், தங்கக் கோடும், முத்திரையும் போனால் திரும்ப வராது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால், மெதுவாக ஓர் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். வண்ணம் கலையாவிட்டால் மேலே துடைக்கலாம்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். பிறகு எண்ணெய் விடுங்கள். பெடல் அச்சிலும், சக்கரத்திலும் உள்ள குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

டயருக்குக் கவலை இல்லை. பெரிய சக்கரத்துக்கு உரிய 28 அங்குல டயர் இன்றும் கிடைக்கிறது. ட்யூபும் வால்டியூபும் சைக்கிள் கடையிலேயே வாங்கலாம்.

ராலே வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹேண்டில்பார்க் குழாயிலும் பெடல் அச்சுக் கூட்டிலும், மற்ற சைக்கிள்களில் பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. பழைய ராலேயில் 26 மரை! வேறு நட்டை வைத்து முறுக்கினால் மரை தேய்ந்து போகும். பழைய நட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இந்த நுணுக்கம் எல்லாம் யாருக்குத் தெரியும்? தெருமுனையில் இருக்கும் வயதான சைக்கிள் கடைக்காரருக்குத் தெரியும். கம்பி பிரேக்கைச் சரி செய்வதும், ஸ்போக்ஸ் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுப்பதும் அவருக்குக் கைவந்த கலை. அவரிடம் வேலை கற்க இப்போது பையன்கள் வருவதில்லை. கடையை மூடிவிட்டால், அந்த வித்தையும் அவரோடு போய்விடும். அதனால் வேலையை அவரிடமே கொடுங்கள். கூடவே நின்று பாருங்கள். உங்கள் பிள்ளையையும் நிற்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். பெரியவர்களைக் கேளுங்கள். சைக்கிளை எந்தக் கடையில் வாங்கினார்கள்? என்ன விலை? முதலில் யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போனார்கள்? பிள்ளைகள் அதை ஒரு நோட்டில் எழுதட்டும். புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களும் எழுதலாம். நாலு வரி போதும்.

சைக்கிளுக்கு வாய் கிடையாது. அதை ஓட்டியவர் இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் அதன் கதை மிஞ்சும்.