சமதரையிலும் ஒரு சாய்வு

பினாங்கில் சாய்ந்த தண்டவாளம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எல்லாரும் கொடிமலையைத்தான் காட்டுவார்கள். 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த மலை இரயிலைக் கம்பிவடம் இழுக்கிறது. ஆனால், சமதரையில் ஓடும் இரயில் பாதைகளிலும் ஒரு சாய்வு உண்டு. உலகின் பெரும்பாலான பாதைகளில் இரண்டு தண்டவாளங்களும் நேராக நிற்பதில்லை. ஒன்றையொன்று பார்த்தபடி சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஏன்?

விடை சக்கரத்தில் இருக்கிறது. பெர்ரியில் கடலைக் கடந்து பட்டர்வொர்த்தில் நாம் ஏறும் இரயிலின் சக்கரம் உருளை வடிவம் கொண்டதல்ல. அது கூம்பின் ஒரு துண்டு போன்றது. உட்புறம் விட்டம் அதிகம், வெளிப்புறம் குறைவு.

இடச் சக்கரமும் வலச் சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருப்பதால், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஆனால், வளைவில் வெளித் தண்டவாளம் நீளமானது. மீட்டர் அகலப் பாதை 90 பாகை திரும்பினால், வெளிப்பக்கம் ஒன்றரை மீட்டருக்கும் மேல் கூடுதலாக ஓட வேண்டும். அப்போது அச்சு சற்று வெளிப்பக்கம் நகர்கிறது. வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும், உட்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருள்கின்றன. கணக்கு சரியாகிவிடுகிறது!

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு காகிதக் குவளைகளை வாயோடு வாய் ஒட்டி, இணையாக வைத்த இரு குச்சிகளின்மேல் உருட்டுங்கள். விலகினாலும் அது தானே நடுவுக்குத் திரும்பும். அடியோடு அடி ஒட்டி உருட்டினால், விரைவில் விழுந்துவிடும்.

சரி, தண்டவாளம் ஏன் சாய வேண்டும்? சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் சுண்டுவிரல் நகம் அளவே இருக்கும். பல டன் எடை அதன்வழியேதான் இறங்குகிறது. தண்டவாளம் செங்குத்தாக நின்றால், கூம்புச் சக்கரம் அதன் உள்விளிம்பில் மட்டுமே அழுத்தும். விளிம்பு தேயும், தண்டவாளமும் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். உள்நோக்கிச் சாய்த்தால், தொடும் இடம் தலையின் நடுப்பகுதிக்கு வருகிறது. எடையும் தண்டவாளத்தின் நடுத்தண்டு வழியாக நேராக அடிப்பாகத்துக்கு இறங்குகிறது.

இந்தியாவிலும் பிரான்சிலும் இந்தச் சாய்வு 1:20. அதாவது ஏறக்குறைய 3 பாகை. 160 மில்லிமீட்டர் உயரத் தண்டவாளத்தின் தலை 8 மில்லிமீட்டர்தான் உள்ளே வரும். ஜெர்மனியில் அதில் பாதி, 1:40. கான்கிரீட் சிலீப்பர் கட்டையை வார்க்கும்போதே தண்டவாளம் உட்காரும் இடத்தைச் சரிவாக அமைத்துவிடுகிறார்கள்.

எது சிறந்த அளவு? தனியாகச் சொல்ல முடியாது. சக்கரத்தின் வடிவமும் தண்டவாளத்தின் சாய்வும் பொருந்த வேண்டும். பொருந்தாமல் போனால், தொடும் இடம் மாறிவிடும். நடுவுக்குத் திருப்பும் விளைவு மிகக் குறைந்தால், வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசும். மிகக் கூடினால், வேகமாக ஓடும்போது அச்சு நடுவைத் தாண்டித் தாண்டி இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டம் கட்டுக்கடங்காமல் வளர்ந்தால், பாதை சேதமடையும். இரயில் தடம் புரளவும் கூடும்.

அடுத்த முறை இரயிலில் போகும்போது, வளைவில் கவனித்துப் பாருங்கள். உங்கள் பெட்டியைத் திருப்ப ஓட்டுநரிடம் ஸ்டியரிங் கிடையாது. அந்த வேலையைச் செய்வது சக்கரத்தின் கூம்பு. அதற்குத் துணை நிற்பது தண்டவாளத்தின் இந்தச் சிறு சாய்வு.