ஒரு கணமா, 220 கிலோமீட்டரா? வேகக் கேமராக்கள் அளக்கும் விதம்

2003-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒரு பழைய டாட்சன் 120ஒய் காருக்கு அபராதச் சீட்டு வந்தது. வெஸ்டர்ன் ரிங் ரோட்டில் அந்தக் கார் மணிக்கு 158 கி.மீ. வேகத்தில் போனதாகக் கேமரா பதிவு செய்திருந்தது. 1970-களில் தயாரான சின்ன வண்டி அது. நிபுணர்கள் ஓட்டிச் சோதித்தபோது, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் 117 கி.மீ.-க்கு மேல் போகவில்லை. விவகாரம் அந்த ஒரு காரோடு முடியவில்லை. அந்தச் சாலையின் கேமராக்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. விக்டோரியா மாநில அரசு, வசூலித்த அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அந்தக் கேமராக்கள், சாலைக்குள் பதித்த உணரிகளை நம்பி இயங்கியவை. வேகக் கேமராக்களில் கணக்கு மிக எளிதாக இருப்பது இந்த வகையில்தான். தார்ச் சாலையை அறுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் கம்பிச் சுருள்களையோ, அழுத்தத்தை உணரும் பட்டைகளையோ பதிக்கிறார்கள். வண்டியின் இரும்பு மேலே வந்ததும் சுருளின் மின்காந்தப் புலம் மாறுகிறது. டயர் ஏறியதும் பட்டையில் சிறு மின்துடிப்பு எழுகிறது. முதல் உணரிக்கும் அடுத்த உணரிக்கும் இடையே கழிந்த நேரத்தால் தூரத்தை வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். கேமரா இந்த அளவீட்டில் தலையிடுவதே இல்லை, வேகம் எல்லை மீறியதாகத் தகவல் வந்தால் படம் எடுப்பது மட்டுமே அதன் வேலை.

கணக்குதான் எளிது, அதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. உணரிகளுக்கிடையே 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 117 கி.மீ. வேகத்தில் போகும் கார் அதை ஏறத்தாழ 0.062 நொடியில் கடக்கும். 158 கி.மீ. வேகத்தில் போகும் கார் 0.046 நொடியில் கடக்கும். நடுவில் இருப்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குதான். லாரிகள் ஏறி இறங்கிச் சாலை நெகிழ்ந்து, பட்டை தேய்ந்து, மின்துடிப்பு கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ நேர்மையாக ஓட்டுகிறவர் குற்றவாளி ஆகிவிடுவார். சாலையைத் தோண்டாமல் அளக்கும் கருவிகளின் பக்கம் பல நாடுகள் சாய்ந்ததற்கு இந்தப் பராமரிப்புத் தொல்லையும் ஒரு காரணம்.

தோண்டாமல் அளக்கும் கருவிகளில் உலகப் புகழ் பெற்றது ‘காட்ஸோ’. பிரிட்டனில் ஒரு காலத்தில் வேகக் கேமரா என்றாலே அந்தப் பெயர்தான். மாரிஸ் காட்ஸொனிடெஸ் என்ற டச்சுக்காரரின் பெயரிலிருந்து வந்தது அது. 1953-இல் மான்ட்டி கார்லோ ராலியில் ஃபோர்டு செஃபிர் காரை ஓட்டி வென்ற பந்தய வீரர் அவர். வளைவுகளில் தன் கார் என்ன வேகத்தில் திரும்புகிறது என்று தெரிந்தால் இன்னும் வேகமாக ஓட்டலாம் என்பதற்காகவே வேகமானியை உருவாக்கினார். அதாவது, வேகத்தைக் கூட்டிக்கொள்ளப் பிறந்த கருவி அது. 1958-இல் ‘காட்ஸோமீட்டர்’ நிறுவனம் தொடங்கியது. ராடார் வந்து சேர்ந்தது 1970-களில். தன் கருவியிலேயே பலமுறை சிக்கி அபராதம் கட்டியதை அவர் மறைத்ததில்லை.

ராடார் கேமரா, நொடிக்குச் சுமார் 2,400 கோடி முறை அதிரும் நுண்ணலையைச் சாலையை நோக்கி அனுப்புகிறது. அலை வண்டியில் பட்டுத் திரும்புகிறது. நிற்கும் வண்டியாக இருந்தால், போன அதிர்வெண்ணிலேயே திரும்பி வரும். நெருங்கி வரும் வண்டியாக இருந்தால் அதிர்வெண் கொஞ்சம் கூடும், விலகிப் போகிற வண்டியாக இருந்தால் கொஞ்சம் குறையும். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கீச்சென்றும், தாண்டிப் போனதும் தணிந்தும் ஒலிக்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். 100 கி.மீ. வேகத்துக்கு இந்த மாற்றம் சுமார் 4,500 அதிர்வுகள். 2,400 கோடியில் 4,500 என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் போன அலையையும் வந்த அலையையும் கலந்து, வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுப்பது மின்னணுவியலுக்குச் சுலபமான வேலை.

சாலையோரக் கருவி வண்டியை நேருக்கு நேர் பார்ப்பதில்லை, சாய்வாகத்தான் பார்க்கிறது. சாய்வாகப் பார்த்தால் வேகம் குறைவாகத் தெரியும். 20 டிகிரி சாய்வில் உண்மை வேகத்தில் 94 சதவீதமே தெரியும். இதை ஈடுகட்டும் திருத்தம் கருவிக்குள் இருக்கிறது. ஆகவே, நட்டவர் கோணத்தைச் சரியாக வைத்தாரா என்பது மிக முக்கியம். கையில் பிடிக்கும் ராடார் கருவியில் இத்தகைய திருத்தம் இல்லாததால், சாய்வாகப் பிடித்தால் அது ஓட்டுநருக்குச் சாதகமாகவே முடிகிறது.

ராடாரை மட்டும் நம்பக் கூடாது என்பதைக் காட்ஸோவை வடிவமைத்தவர்கள் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டிருந்தார்கள். கருவி ஒரு படம் எடுக்கிறது, அரை நொடி கழித்து இன்னொரு படம் எடுக்கிறது. சாலையில் சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள் வரைந்திருப்பார்கள். 72 கி.மீ. வேகத்தில் போகும் கார் அரை நொடியில் 10 மீட்டர் நகரும். முதல் படத்தில் பின்சக்கரம் எந்தக் கோட்டில் இருந்தது, இரண்டாவது படத்தில் எத்தனை கோடு தாண்டியிருக்கிறது என்று எண்ணினால், ராடார் சொன்னது மெய்யா பொய்யா என்று ஒரு பள்ளி மாணவர்கூடச் சொல்லிவிடலாம். இந்த ஏற்பாட்டின் அருமை அதுதான். கருவியின் உள்விவகாரம் எதுவும் தெரியாத சாதாரண ஓட்டுநரும் தன்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டைத் தானே சரிபார்க்க முடிகிறது.

இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் காட்டியது. அங்கே 2012-இல் ஒரு காருக்கு, 40 கி.மீ. எல்லையில் 61 கி.மீ. வேகத்தில் போனதாக அபராதம் வந்தது. சான்றாக வந்த இரண்டு படங்களுக்கும் இடையே அரை நொடி. ஆனால் இரண்டிலும் கார் ஒரே இடத்தில், சிவப்பு விளக்கில், பிரேக் விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது. ‘பால்டிமோர் சன்’ நாளிதழ் விடாமல் துருவியது. பின்னர் வெளியான தணிக்கை, 10 சதவீதத்துக்கும் அதிகமான பிழை இருந்ததாகச் சொன்னது. 2013-இல் திட்டமே நிறுத்தப்பட்டது. பெரிய வண்டிகளின் உலோகப் பரப்பில் பட்டு எகிறும் அலைகள் ராடாரை ஏமாற்றக்கூடும் என்பது துறையில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததே. அங்கே மனிதர்கள் அந்த இரண்டு படங்களைப் பார்க்காமல் கையெழுத்திட்டதுதான் மன்னிக்க முடியாத தவறு.

பிரிட்டனின் முதல் காட்ஸோ 1992-இல் மேற்கு லண்டனின் ட்விக்கன்ஹாம் பாலத்தில் நின்றது. அப்போது ஃபிலிம் ரோல் காலம். ஒரு ரோலில் 400 படம்தான் பிடிக்கும், தீர்ந்தால் ஆள் போய் மாற்ற வேண்டும். கேமராக்களின் விலையும் அதிகம். எனவே பல பெட்டிகளை நட்டுவிட்டு, சில கேமராக்களை மட்டும் மாற்றி மாற்றி உள்ளே வைத்தார்கள். வெறும் பெட்டிக்கும் ஓட்டுநர்கள் பிரேக் போட்டார்கள். காட்ஸோ பின்பக்கமாகப் படம் எடுப்பதால் ஃபிளாஷ் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாது. ஆனால் முகமும் பதிவாகாது. ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகளில் ஓட்டியவர் யார் என்பதை நிறுவினால்தான் தண்டிக்க முடியும் என்பதால், அங்கே முன்பக்கமாக முகத்தோடு படம் எடுக்கிறார்கள்.

போலீஸ்காரர் கையில் துப்பாக்கிபோல் பிடித்து நிற்கும் ஸ்பீடு கன்களில் பல இன்று லேசரால் இயங்குபவை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்புகளை இவை அனுப்பும். 300 மீட்டர் தொலைவிலுள்ள காரில் பட்டு ஒளி திரும்ப ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு போதும். அந்த நேரத்திலிருந்து தூரம் தெரிகிறது. அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான துடிப்புகள் அனுப்பி, தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று பார்த்தால் வேகம் தெரிகிறது. ராடார் அலை போகப் போக விரிந்து பல வண்டிகளைத் தொடும். லேசர் கற்றையோ 300 மீட்டரிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குள் அடங்கும். நெரிசலில் ஒரு வண்டியை மட்டும் குறிபார்க்க முடிவதற்கு அதுவே காரணம். நம்பர் பிளேட்டைக் குறிவைப்பது வழக்கம், ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புவது அதுதான்.

இதுவரை பார்த்தவை எல்லாம் ஒரே ஒரு கணத்தின் வேகத்தைக் கேட்பவை. அந்தக் கணம் எங்கே வரும் என்பது அன்றாடம் அந்த வழியாகப் போகிறவருக்கு மனப்பாடம். கேமராவைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்சிலேட்டர். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் நடந்த ஒரு ஆய்வு, 1992 முதல் 2016 வரையிலான பிரிட்டிஷ் விபத்துத் தரவுகளை அலசியது. கேமராவிலிருந்து 500 மீட்டருக்குள் விபத்துகள் 17 முதல் 39 சதவீதம் வரையிலும், உயிரிழப்புகள் 58 முதல் 68 சதவீதம் வரையிலும் குறைந்திருந்தன. ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டியதும் விபத்துகள் மறுபடி தலைதூக்குவதும் அதில் தெரிந்தது. ஒற்றைக் கேமராவால் பலனே இல்லை என்கிறவர்களுக்கும், அது ஒன்றே போதும் என்கிறவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் சராசரி வேகக் கேமரா. இதில் ராடாரும் இல்லை, லேசரும் இல்லை. நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் ஒரு கேமரா தொடக்கத்தில், இன்னொன்று முடிவில், இரண்டும் நொடி பிசகாத கடிகாரத்தோடு. அவ்வளவுதான். இருட்டிலும் படிக்க அகச்சிவப்பு விளக்கு உண்டு. 20 கி.மீ. தூரத்துக்கு எல்லை 100 கி.மீ. வேகம் என்றால், 12 நிமிடத்துக்கு முன்னால் வந்து சேரக் கூடாது. 10 நிமிடத்தில் வந்தால் சராசரி 120 கி.மீ. வேகம், சந்தேகத்துக்கு இடமே இல்லை. பிரிட்டனில் தூரத்தை அளக்கும்போது, வளைவுகளில் உள்பக்கமாகவே ஒட்டி ஓட்டினால் வரக்கூடிய மிகக் குறைந்த தூரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சந்தேகத்தின் பலன் ஓட்டுநருக்கே. எல்லை மீறாத வண்டிகளின் பதிவுகள் அழிக்கப்படுகின்றனவா என்று மக்கள் கேட்க வேண்டிய வகையும் இதுதான், ஏனென்றால் இது போகிற எல்லோரையும் படிக்கிறது. வேகமாகப் போய்விட்டு நடுவில் டீ குடிக்க நிற்பவரை இதனால் பிடிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் பெரிய சோதனைக் களம் ஸ்காட்லாந்தின் ஏ9 சாலை. டன்பிளேனிலிருந்து இன்வர்னஸ் வரை சுமார் 220 கி.மீ., மலையும் காடுமாக நீளும் பாதை. பல பகுதிகளில் எதிரெதிர் வண்டிகளுக்கு நடுவே தடுப்பு கிடையாது. மெதுவாகப் போகும் லாரியின் பின்னால் பொறுமையிழந்து ஓவர்டேக் செய்து நேருக்கு நேர் மோதியவர்கள் ஏராளம். 2014 அக்டோபரில் கேமராக்கள் இயங்கத் தொடங்கின. வைப்பதற்கு முன் கடும் எதிர்ப்பு. பயண நேரம் கூடும், ஊர்களின் வியாபாரம் படுக்கும் என்றெல்லாம் பிரசாரம் நடந்தது. அரசு கூடவே ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. லாரிகளின் வேக எல்லையை மணிக்கு 40 மைலிலிருந்து 50 மைலாக உயர்த்தியது. காருக்கும் லாரிக்கும் இடையிலான வேக வித்தியாசம் சுருங்கியதும் ஓவர்டேக் செய்யும் அவசரமும் தணிந்தது. முன்பு மூன்றில் ஒரு வண்டி எல்லை மீறிய சாலையில், பிறகு பதினைந்தில் ஒன்றுதான் மீறியது. பிரிட்டன் முழுவதும் இத்தகைய இடங்களை ஆராய்ந்த ஆர்.ஏ.சி. அறக்கட்டளையின் 2016 அறிக்கை, உயிர்ப்பலி, படுகாயம் ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் 36 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் அவசரமாகத் தேவை. 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்தில் ஏழு சாவுகளுக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. கேரளம் 2023 ஜூனில் 726 கேமராக்களை இயக்கத் தொடங்கியது. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பான்மை ஹெல்மெட், சீட் பெல்ட் பார்ப்பவை, வேகத்தை அளப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மும்பை–புனே விரைவுச் சாலையில் 2024-இல் வந்த ஏற்பாட்டில் சராசரி வேகத்தை அளக்கும் வசதியும் சேர்ந்திருப்பது நல்ல தொடக்கம். நம் தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி வண்டிகளை அடையாளம் காணும் கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. புதிய கேமரா வாங்கும் மாநிலங்கள், அடுத்த கம்பத்தை நடுவதற்கு முன் இரண்டு கம்பங்களுக்கு இடையிலான தூரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேமரா சலான் கைக்கு வந்தால் வாசகர்கள் சிலவற்றைப் பார்க்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதிப்படி, கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கேமரா இருப்பதை எச்சரிக்கும் பலகை முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். அதில் நம்பர் பிளேட் தெரியும் படமும், கருவி அளந்த வேகமும், நாள், நேரம், இடமும் இருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது குறைந்தால் தயங்காமல் எழுதிக் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அபராதத்தைக் கட்டிவிடுங்கள்.