இரு கிராபிக்ஸ் அட்டைகளும் ஒரு பரீட்சையும்

கயிற்றின் நீளத்தை அளப்பவனுக்கு அடிக்கோல் ஒன்று போதும். தான் அளக்கப்படுவதைக் கயிறு அறியாது. அளக்கப்படும் பொருள் தன்னை அளக்கும் கோலை அறிந்து, அதற்கேற்ப நீளுமாயின் அவ்வளவையின் கதி யாதாகும்? இவ்வினா பரீட்சை நடத்தும் ஆசிரியர்க்குப் பழையது. கணினித் துறையில் 2003 ஆம் ஆண்டு இதுவே பெரும் வழக்காய் மூண்டது. அவ்வழக்கின் வாயிலாக, இரு கிராபிக்ஸ் அட்டைகளின் ஆற்றல் ஒப்பிடப்படும் முறையையும் அதிலுள்ள இடரையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினித் திரையிலே தோன்றும் உருவம் எதுவும் பிக்செல் எனப்படும் நுண்ணிய நிறக்கட்டங்களின் கூட்டமே. அகலத்தில் 1024, உயரத்தில் 768 எனக் கட்டங்கள் அமைந்த திரையிலே மொத்தம் 786,432 பிக்செல்கள் உள. அசைவு தடங்கலின்றித் தோன்றச் செக்கனுக்கு அறுபது படங்கள் வரையப்படுமாயின், ஒரு செக்கனில் நிறம் கணிக்கப்படவேண்டியவை ஏறக்குறைய நாலே முக்காற் கோடியாகும். முப்பரிமாண விளையாட்டுகளில் ஒளியும் நிழலும் சேர்ந்து இவ்வேலையைப் பன்மடங்காக்கும். இச்சுமையைத் தாங்குதற்கென்றே அமைந்தது கிராபிக்ஸ் அட்டை. செக்கனுக்கு எத்தனை படங்கள் என்பதே அதன் ஆற்றலுக்குப் பொதுவான அளவை.

2003 மார்ச்சில், கனடாவின் ஏ.ரி.ஐ. நிறுவனம் (இது 2006 இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் கைக்கு மாறியது) ரேடியோன் 9800 புரோ என்னும் அட்டையை 399 டொலர் விலையில் வெளியிட்டது. மே மாதத்தில் அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் ஜீபோர்ஸ் எப்.எக்ஸ். 5900 அல்ட்ரா என்பதை 499 டொலருக்குக் கொணர்ந்தது. கடதாசியிலே பார்ப்பின் பின்னதே வலிது. ரேடியோனின் கடிகார வேகம் 380 மெகாஹேர்ட்ஸ், ஜீபோர்ஸினது 450. இரண்டிலும் நினைவகத்துக்குச் செல்லும் பாதை 256 பிற், அஃதாவது 32 பைற் அகலமுடையது. அப்பாதையில் ஜீபோர்ஸ் செக்கனுக்கு 85 கோடி முறையும் ரேடியோன் 68 கோடி முறையும் தரவை அனுப்பும். 32 ஆற் பெருக்கின் முன்னதற்கு 27.2, பின்னதற்கு ஏறத்தாழ 21.8 கிகாபைற் வரும். நூறு டொலர் மிகுதியாகக் கொடுப்பவன் மிகுதியாகப் பெறுகிறான் என்றே எவரும் எண்ணுவர்.

ஆயின் கடிகாரம் விரைந்து துடித்தலால் மட்டும் வேலை மிகுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் எத்துணை வேலை முடிகின்றது என்பதையும் நோக்கல் வேண்டும். ரேடியோன் ஒரு துடிப்பில் எட்டு பிக்செல்களுக்கு நிறந்தீட்டும். ஜீபோர்ஸ் நான்குக்கே தீட்டும். அன்றியும், அக்காலத்திலே புதிதாக வந்த டைரக்ட்எக்ஸ் 9 என்னும் நியமம், ஷேடர் எனப்படும் சிறு நிரல்களைக் கொண்டு நிறங்களைக் கணிக்கும்போது 24 பிற் நுட்பமேனும் இருத்தல் வேண்டுமென விதித்தது. ரேடியோன் சரியாக அந்த 24 இலேயே கணித்தது. ஜீபோர்ஸுக்கோ 16 அல்லது 32 என்னும் இரண்டே வழிகள். 16 விதிக்குக் குறைவு. 32 எடுத்தாலோ நடை தளர்ந்துவிடும். இடைநடுவே ஓர் அளவு இல்லாமையே அதன் தலையாய குறை என்பேன்.

கடதாசிக் கணக்கு இங்ஙனம் ஏமாற்றுமாதலின் பரீட்சை இன்றியமையாததாயிற்று. பின்லாந்து நாட்டின் பியூச்சர்மார்க் நிறுவனம் 2003 பெப்ரவரியில் வெளியிட்ட திரீடீமார்க் 03 என்னும் மென்பொருள் அத்தகைய பரீட்சையாகும். சில காட்சிகளை அட்டை வரைந்து காட்டும். முடிவில் ஒரு புள்ளி வழங்கப்படும். வாங்குவோர் பலரும் அப்புள்ளியையே நம்பினர்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. அப்பரீட்சையில் நம் கண்ணாக நிற்கும் கமெரா ஒவ்வொரு முறையும் ஒரே வழியிலேயே செல்லும். இடமோ வலமோ திரும்பாது. வினாத்தாள் ஆண்டுதோறும் மாறாதிருப்பது போன்றது இது. 2003 மே மாதத்தில் எக்ஸ்ட்ரீம்ரெக் என்னும் ஏட்டார், பரீட்சையின் சிறப்புப் பதிப்பொன்றைக் கொண்டு கமெராவை அவ்வழியினின்றும் விலக்கிப் பார்த்தனர். என்விடியா அட்டையிலே காட்சியின் பகுதிகள் வரையப்படாமலே கிடந்தன. கமெரா எவ்விடத்தைப் பாராது என்பதை முன்னரே அறிந்து, அவ்விடங்களை விட்டுவிடுமாறு அட்டையின் இயக்கி மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தமை புலனாயிற்று. பியூச்சர்மார்க் தானும் ஆராய்ந்து, இயக்கி தன் பரீட்சையை அடையாளங் காணாதவாறு 330 என்னும் திருத்தப் பதிப்பை வெளியிட்டது. 5900 அல்ட்ராவின் புள்ளி 24.1 சதவீதம் வீழ்ந்தது.

எதிர்த்தரப்பாரும் முற்றுந் தூயரல்லர். 2001 இல் ஏ.ரி.ஐ. யின் ரேடியோன் 8500 அட்டையை ஆராய்ந்தோர், குவேக் 3 விளையாட்டுக் கோப்பின் பெயரைக் குவாக் 3 என மாற்றியவுடன் வேகம் குறைந்து, படத்தின் தெளிவு கூடியதைக் கண்டனர். ஏ, பி, சி என்னும் முக்கோணியிலே தேற்றத்தைப் பிழையின்றி நிறுவிய மாணவன், எழுத்துக்களைப் பி, கியூ, ஆர் என மாற்றியதும் கைபிசைந்து நிற்பதை வகுப்பிலே பலமுறை கண்டிருக்கிறேன். பெயர் மாறினால் மாறும் அறிவு எவ்வகை அறிவு என்பதைப் பரீட்சகர் நன்கறிவர்.

330 பதிப்பிலே ரேடியோன் 9800 புரோவின் புள்ளியும் 1.9 சதவீதம் குறைந்தது. நான்காம் காட்சியில் மட்டும் 8.2 சதவீதம். ஷேடர் கட்டளைகளின் வரிசையை மாற்றியே அவ்வேகம் பெறப்பட்டதென்றும், வரையப்பட்ட படம் மாறவில்லை என்றும் ஏ.ரி.ஐ. கூறி, அதனை நீக்கவும் உடன்பட்டது. விடை சரியாயிருக்க வழியை மட்டும் சுருக்கிய மாணவனை, விடையையே எழுதாது புள்ளி பெற்றவனோடு ஒருங்கு வைத்தல் நீதியன்று. எனினும் அச்சுருக்கமும் அந்த ஒரு வினாவுக்கே பயன்பட்டதாதலின், பிற வேலைகளில் அட்டை எப்படி நடக்கும் என்பதை அப்புள்ளி காட்டமாட்டாது. ஆகவே அதுவும் குற்றமே, சிறிய குற்றம்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் என்விடியாவும் பியூச்சர்மார்க்கும் கூட்டறிக்கை விடுத்தன. நடந்தது ஏமாற்று அன்று, குறித்த ஒரு மென்பொருளுக்கான செம்மையாக்கம் என்றது அவ்வறிக்கை. சொல் மாறிற்று, 24.1 மாறவில்லை.

அவ்வாண்டு செப்டெம்பரில் வேறொரு பரீட்சை வந்தது. ஹாப் லைப் 2 விளையாட்டை ஆக்கிக்கொண்டிருந்த வால்வ் நிறுவனத்தார், டைரக்ட்எக்ஸ் 9 வழியில் ரேடியோன் 9800 புரோ ஏறக்குறைய இரு மடங்கு வேகங் காட்டியதாக அறிவித்தனர். பொதுவழிக்குச் செலவான காலத்தைப்போல் ஐந்து மடங்கை எப்.எக்ஸ். அட்டைகளுக்கான தனிவழிக்குச் செலவிட்டும் இடைவெளி முற்றும் அடையவில்லை என்றனர். வால்வ் நிறுவனத்துக்கு ஏ.ரி.ஐ. யோடு வணிக உடன்பாடு இருந்தமையையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். பரீட்சகரின் உறவுமுறையும் கேட்கத்தக்கதே. எனினும் 24 பிற், எட்டு பிக்செல் என்னும் அமைப்பை அறிந்தார்க்கு அம்முடிவு வியப்பன்று. அவ்வாறே, 2004 ஆகஸ்டில் வந்த டூம் 3 நிழல்களை மிகுதியாக வரைவது. நிழற் கணிப்பில் ஜீபோர்ஸ் துடிப்புக்கு எட்டு பிக்செல் ஆற்றும். அங்கே அத்தகைய இடைவெளி காணப்படவில்லை.

ஹாப் லைப் 2 கடைக்கு வந்தது 2004 நவம்பரிலேதான். அதற்குள் ஜீபோர்ஸ் 6800 உம் ரேடியோன் எக்ஸ் 800 உம் வந்து, 499 டொலர் கொடுத்தவனதும் 399 டொலர் கொடுத்தவனதும் ஆகிய இரண்டையும் பழையனவாக்கிவிட்டன.