மைக் இல்லாத குரல்

ஓபரா அரங்கில் பாடகருக்கு மைக் கிடையாது. அவருக்கும் ரசிகர்களுக்கும் நடுவே, மேடையடிப் பள்ளத்தில் ஒரு பெரிய இசைக்குழு முழங்கும். அதை மீறி ஒற்றைக் குரல் கடைசி வரிசைவரை எப்படிப் போய்ச் சேர்கிறது?

கத்துவதால் அல்ல. இசைக்குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸை ஒட்டி வலுவாக இருக்கும். மேலே போகப் போக மெலியும். தேர்ந்த பாடகர் குரல்வளையைத் தாழ்த்தி, அதற்குச் சற்று மேலுள்ள வழியைக் குறுக்கி, 3000 ஹெர்ட்ஸ் அருகே தன் ஒலியைக் குவிக்கிறார். கருவிகள் மெலியும் இடம் அது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அதுவே.

ஆண் குரல்களில் மேலே டெனர், கீழே பாஸ், நடுவே பாரிடோன். பாரிடோனின் வீச்சு ஏறத்தாழ 110 முதல் 440 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு ஸ்தாயி. ஓபராவில் காதலன் பெரும்பாலும் டெனர்தான். தந்தை, நண்பன், வில்லன் ஆகியோர் பாரிடோனின் பங்கு. இசையமைப்பாளர் வெர்டியின் ரிகோலெட்டோ, மகளைப் பறிகொடுக்கும் அரண்மனைக் கோமாளி, பாரிடோனுக்காகவே எழுதப்பட்ட வேடம்.

இதே தொண்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஜெர்மானியர் ‘லீட்’ என்றழைக்கும் கவிதைப் பாட்டு. வேடமில்லை, திரையில்லை, துணைக்கு ஒரு பியானோ மட்டும். பாடகர் தன் குரலுக்கேற்பச் சுருதியை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சொல் மழுங்கினாலும் மறைக்க இடமிருக்காது.

இரண்டிலும் கொடிகட்டிப் பறந்த பாரிடோன் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ. 1925-இல் பெர்லினில் பிறந்தார். 1943-இல் ராணுவம் அவரை இழுத்துக்கொண்டது. 1945-இல் இத்தாலியில் அமெரிக்கரிடம் சிறைப்பட்டார். முகாமில் சக கைதிகளுக்குப் பாடினார். ஊர் திரும்பியபின், 22 வயதில், ஷூபர்ட் இசையமைத்த 24 பாடல் கொண்ட ‘குளிர்காலப் பயணம்’ என்ற லீட் தொகுப்பு முழுவதையும் பெர்லின் வானொலிக்காகப் பாடிப் பதிவு செய்தார். அதே ஆண்டு, 1948-இல், வெர்டியின் ‘டான் கார்லோஸ்’ ஓபராவில் மேடையேறினார். 1992 கடைசியில்தான் அவர் பாடுவதிலிருந்து விடைபெற்றார்.

ஓபரா, லீட் என்ற அந்த இரு திறமைகளும் ஒருசேரத் தேவைப்பட்ட மாலை ஒன்று உண்டு. 1940-இல் ஜெர்மன் விமானங்கள் குண்டுவீசி அழித்த கவன்ட்ரி பேராலயத்தின் அருகே, 1962 மே மாதம், புதிய பேராலயத்தில் இசையமைப்பாளர் பிரிட்டனின் ‘போர் இரங்கற்பா’ அரங்கேறியது. முடிவில் பெருங்குழு ஒதுங்குகிறது. பன்னிரண்டு கருவிகள் மட்டும் துணைநிற்க, இறந்துபோன இரு பகைச் சிப்பாய்கள் சந்திக்கிறார்கள். ஒருவர் ஆங்கிலேய டெனர் பீட்டர் பியர்ஸ். மற்றவர், ஒருகாலத்தில் உண்மையாகவே ஜெர்மன் சிப்பாயாக இருந்த பாரிடோன். அங்கே எதையும் மீறி ஒலிக்க வேண்டிய தேவை அந்தக் குரலுக்கு இருக்கவில்லை.