மூட்டைத் தளர்த்தும் தூள்

செயற்கை இடுப்பு மூட்டு கெட்டுப்போய் மறுபடி அறுவை சிகிச்சை என்றால், உள்ளே வைத்த உலோகம் ஒடிந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒடிவதும் உண்டு, ஆனால் அபூர்வம். பல நேரம் உலோகம் வைத்தபடியே பளபளவென்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருந்த எலும்புதான் கரைந்திருக்கும்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனை காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1950-களின் கடைசியில் அங்கே ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் இன்றைய இடுப்பு மூட்டின் மூல வடிவத்தை உருவாக்கினார். தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டு. அதன் தலையில் சிறிய பந்து. இடுப்பெலும்பில் அந்தப் பந்து சுழல ஒரு கிண்ணம். பல்செட் செய்யும் அக்ரிலிக் வகையையே சிமெண்ட்டாக வைத்துப் பொருத்தினார். கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கிறார்களே, அதேதான். வழுக்கும் பொருள் என்பதால் உராய்வு இருக்காது என்று நம்பினார்.

படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் வலி திரும்பியது. திறந்து பார்த்தால், பந்து கிண்ணத்தைக் குடைந்து உள்ளே போயிருந்தது. தேய்ந்த டெஃப்லான் தூளைச் சுற்றிப் பாலாடைக்கட்டி போல வெள்ளையாகத் திசு திரண்டிருந்தது. ஏறத்தாழ 300 பேருக்கு அந்த மூட்டை வைத்திருந்தார். ஒவ்வொருவராக வரவழைத்துத் தானே திறந்து, பழுதானதை எடுத்தார். சார்ன்லியைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் மரியாதை வந்த இடம் இதுதான்.

1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் சார்ன்லியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். லங்காஷயரின் விசைத்தறிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் காட்டினார். சார்ன்லி அதில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார், தடம் பதிந்தது. இது தேறாது என்று ஒதுக்கிவிட்டு ஒரு மாநாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவனுக்கு மனம் கேட்கவில்லை. துண்டைத் தேய்மானம் சோதிக்கும் இயந்திரத்தில் மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். டெஃப்லான் 24 மணி நேரத்தில் தேய்ந்த அளவுகூட, அது மூன்று வாரத்தில் தேயவில்லை. அந்த நவம்பரிலேயே பாலிஎத்திலீன் கிண்ணம் நோயாளிகளுக்குப் போனது.

இந்த முறை சார்ன்லி வேறொன்றும் செய்தார். இரண்டு பொருள்களின் தூளையும் தன் தொடையிலேயே தோலுக்கடியில் செலுத்திக்கொண்டார். மாதங்கள் கழித்தும் டெஃப்லான் இருந்த இடத்தில் கட்டி தட்டுப்பட்டது. பாலிஎத்திலீன் இருந்த இடத்தில் எதுவும் கைக்குப் படவில்லை.

ஆனால் அந்தத் தூளும் சாதுவல்ல. நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் கிண்ணத்திலிருந்து மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் ஏராளமாக உதிர்கின்றன. கிருமி என்று எண்ணி, உடலின் காவல் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. பிளாஸ்டிக்கைச் செரிக்க முடியாமல் அவை அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அந்த அழைப்பைக் கேட்டு, எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்கிவிடும். முதலில் பழி சிமெண்ட்டின் மேல் விழுந்தது, ‘சிமெண்ட் நோய்’ என்றே பெயரிட்டார்கள். சிமெண்ட் இல்லாமல் பொருத்திய மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு கரைந்தபோதுதான் குற்றவாளி துகள் என்று புரிந்தது. வருடக்கணக்கில் வலியே இல்லாமல் இது நடக்கும். மூட்டு மாற்றியவர்கள் நன்றாக நடந்தாலும் அவ்வப்போது எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது அதனால்தான்.

மறு அறுவை முதலாவதைவிடக் கடினமானது. கத்தி எடுக்கும் முன்பே கிருமித்தொற்று உண்டா என்று ரத்தத்திலும் மூட்டு நீரிலும் தேடுவார்கள். இருந்தால், பெரும்பாலும் மூட்டை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்ட்டால் தற்காலிக மூட்டு வைத்து, தொற்று தணிந்த பிறகு இரண்டாம் முறை திறப்பார்கள். கிண்ணம் தளர்ந்து தண்டு மட்டும் இறுகிப் பிடித்திருந்தால் அது வேறு சோதனை. இழுத்தால் தொடை எலும்பு பிளந்துவிடும். ஆகவே எலும்பின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பலகை போல அறுத்து, பெட்டி மூடியைப் போலத் திறந்து, மெல்லிய உளிகளால் சுற்றிலும் விடுவித்துத் தண்டை எடுக்கிறார்கள். பிறகு மூடியைப் பொருத்தி, கம்பியால் சுற்றிக் கட்டுகிறார்கள். கரைந்த பள்ளத்தை நிரப்ப எலும்பு வேண்டுமே? வேறொருவரின் முதல் அறுவையில் வெட்டி எடுத்த தொடைத்தலையை உறைநிலையில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அதைப் பொடித்து உள்ளே இடித்து நிரப்புவதும் ஒரு வழி.

1990-களின் இறுதியில், கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் வந்தபின் தூள் வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. அந்தக் கணக்கில் பெரும்பாலானவை பழைய வகைக் கிண்ணங்கள்.

சார்ன்லி தன் நோயாளிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார்: இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தர முடியுமா? பலர் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள். வருடங்கள் கழித்து அந்தக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக ரைட்டிங்டனுக்குத் திரும்பி வந்தன. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு என்ற தேய்மானத்தை அவற்றில்தான் கையால் அளந்தார்கள்.